ஐலீன் சாங்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சீன எழுத்தாளர் ஐலீன் சாங்கின் கதையை வைத்து ஆங் லீ எடுத்த ‘லஸ்ட், காஷன்’ படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும், எங்கோ ஒரு கட்டுரையில் பெயரைப் பார்த்தவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஓரிடத்தில் தொகுத்து வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் காசு பணப் பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். இவரைத் தனிமையில் வாடிய சோக நாயகியாகவே எல்லோரும் வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுதிச் சம்பாதித்து வாடகை கட்டியவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் முக்கியமாகப் படுகிறது.

ஐலீன் சாங்னு ஒரு இடத்துல இருக்கு, ஜாங் அய்லிங்னு இன்னொரு இடத்துல இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தானா?

ஒரே ஆள்தான். 1920 செப்டம்பர் 30 அன்று ஷாங்காயில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஜாங் யிங். பள்ளியில் சேர்க்கும்போது அம்மா அவசரத்துக்கு ‘ஐலீன்’ என்ற ஆங்கிலப் பெயரையே சீன ஒலியில் ‘அய்லிங்’ என்று எழுதிக் கொடுத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

சிறுகதை, குறுநாவல், நாவல், கட்டுரை, திரைக்கதை, மொழிபெயர்ப்பு என எல்லாவற்றிலும் கைவைத்தவர். சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1955-இல் அமெரிக்கா போனார். 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார்.

பெரிய இடத்துப் பெண்ணுன்னு சொல்றாங்களே, எவ்வளவு பெரிய இடம்?

பாட்டியின் அப்பா லி ஹோங்ஜாங். சீனாவை ஆண்ட கடைசி வம்சமான சிங் அரசவையின் இறுதிக் காலத்தில் வெளிநாடுகளோடு பேச்சுவார்த்தை என்றால் முதலில் அனுப்பப்பட்ட ஆள் அவர். தாத்தா ஜாங் பெய்லுன், பிரான்ஸுடன் 1884-இல் நடந்த போரில் ஃபூஜோவில் கடற்படை அழிந்த பழியைச் சுமந்து பதவி இழந்தவர். பேத்தி பிறக்கும்போது பேரரசே போய்விட்டது. மிஞ்சியது சொத்தும் பழம்பெருமையும்தான்.

அப்பா அபினி பிடித்துக்கொண்டு, வைப்பாட்டி வைத்துக்கொண்டு, இருந்ததைக் கரைத்தார். அம்மா நேர் எதிர். சிறுவயதிலேயே பாதம் கட்டப்பட்டவர். மகளுக்கு நான்கு வயதாகும்போது நாத்தனாரோடு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்தக் கட்டிய பாதங்களோடு ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு ஆடியதாக மகளே எழுதியிருக்கிறார். 1930-இல் விவாகரத்து. ஒரு வீட்டில் அபினிப் புகையும், இன்னொரு வீட்டில் பியானோவுமாக வளர்ந்த பெண் இவர்.

அப்பா அறையில பூட்டி வச்சது நிஜமா, இல்ல கதைக்காகச் சொன்னதா?

நிஜம்தான். அப்பாவின் இரண்டாம் மனைவியான சித்தியோடு ஏற்பட்ட சண்டையில் அப்பா அடித்து ஓர் அறையில் அடைத்தார். ஏறக்குறைய அரை வருடம். நடுவில் கடும் வயிற்றுக்கடுப்பு வந்து சாகக் கிடந்தார். 1938 தொடக்கத்தில் ஓர் இரவு தப்பி அம்மாவிடம் வந்து சேர்ந்தார். அதே வருடம், அந்த அனுபவத்தை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதி ஷாங்காயின் ஆங்கில நாளிதழ் ஒன்றில் வெளியிட்டார். பதினெட்டு வயதுகூட நிறையவில்லை.

அம்மா வீடும் சொர்க்கமாக இல்லை. கையில் காசு குறைந்துகொண்டே வந்த அம்மாவிடம் ஒவ்வொரு தடவையும் பணம் கேட்டு நிற்பது கூசியது என்று பின்னாளில் எழுதினார். இந்தக் கூச்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியில் இது மறுபடி வரும்.

23 வயசுல எப்படி அவ்வளவு பேர் வாங்கினாங்க?

முதலில் அவர் போயிருக்க வேண்டிய இடம் லண்டன். லண்டன் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தும் போர் வந்து கெடுத்தது. 1939-இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1941 டிசம்பரில் ஹாங்காங் ஜப்பானிடம் விழுந்ததும் படிப்பும் நின்றது. மாணவிகள் தற்காலிக மருத்துவமனையில் தாதி வேலை பார்த்தார்கள். 1942-இல் பட்டம் இல்லாமல் ஷாங்காய் திரும்பினார்.

கூடவே திரும்பிய தோழி ஃபாத்திமா மொஹிதீன். ஷாங்காயில் நகைக்கடை வைத்திருந்த, அரபு வழிவந்த சிலோன் முஸ்லிம் ஒருவரின் மகள், அம்மா தியென்ஜின்காரர். ஐலீன் அவருக்கு யான்யிங் என்று பெயர் வைத்தார். வாயாடி, குறும்புக்காரி, அவர் உதிர்த்த வேடிக்கைப் பேச்சுகளைத் தொகுத்து ஐலீன் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். சீன இலக்கிய வரலாற்றில் ஒரு மொஹிதீன் இப்படி உட்கார்ந்திருப்பது எனக்குத் தனி சந்தோஷம்.

1943 மே மாதம் ‘வயலட்’ என்ற ஜனரஞ்சக இதழில் முதல் குறுநாவல் வந்தது. அதே வருடத்திற்குள் ‘வீழ்ந்த நகரத்தில் காதல்’, ‘தங்க விலங்கு’, ‘அடைப்பு’ என வரிசையாக வந்துவிட்டன. 1944 ஆகஸ்டில் வந்த கதைத் தொகுப்பு நான்கே நாளில் விற்றுத் தீர்ந்தது. பெயர் வாங்குவதென்றால் சீக்கிரமே வாங்க வேண்டும், தாமதமாக வந்தால் அந்தச் சந்தோஷத்தில் ருசி குறைந்துவிடும் என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் கூச்சமே இல்லாமல் எழுதினார். திறமை ஒரு பக்கம், காலமும் கைகொடுத்தது. பெயர்பெற்ற எழுத்தாளர்கள் பலர் ஜப்பானியர் பிடியிலிருந்த ஷாங்காயை விட்டு உள்நாட்டுக்குப் போயிருந்தார்கள். இதழ்களுக்கு எழுத ஆள் தேவைப்பட்டது.

எல்லாம் காதல் கதைதானே? அதுல அப்படி என்ன இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தலைப்பைத்தான் படித்திருப்பார்கள். ‘வீழ்ந்த நகரத்தில் காதல்’ கதையின் நாயகி பாய் லியுசு, விவாகரத்தாகி அண்ணன்மார் வீட்டில் அண்டிக் கிடப்பவள். கொண்டுவந்த பணத்தை அண்ணன்கள் பங்குச் சந்தையில் தொலைத்துவிட்டு, இப்போது ‘உன் செலவுதான் அதிகம்’ என்கிறார்கள். ஒரு பணக்காரன் கிடைத்தால் கரையேறலாம். அவனுக்கோ கல்யாணத்தில் நாட்டம் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டே பழகுகிறார்கள். கடைசியில் ஹாங்காங்கில் குண்டு விழுந்து, கடைகண்ணி எல்லாம் மூடி, உயிர் பிழைத்தால் போதும் என்ற நிலை வந்தபோதுதான் அவனுக்குக் கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றுகிறது. இவள் கல்யாணத்துக்காகத்தான் நகரமே விழுந்ததோ என்னவோ என்று ஆசிரியர் எகத்தாளமாக ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறார்.

‘தங்க விலங்கு’ இதைவிடக் கொடுமை. எள்ளெண்ணெய்க் கடைக்காரர் வீட்டுப் பெண் சிச்சியாவோ, எலும்புருக்கி நோயில் கிடக்கும் பணக்காரப் பிள்ளைக்குக் கட்டிவைக்கப்படுகிறாள். பல வருடம் பொறுத்துச் சொத்தில் பங்கு வாங்குகிறாள். வாங்கிய சொத்து கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் மகனையும் மகளையும் சீரழிக்கிறாள். மகளுக்கு ஒரு நல்ல வரன் அமைகிறது. அந்த மனிதனைச் சாப்பிடக் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘இன்னும் ரெண்டு குழாய் இழுத்துட்டு இறங்கி வந்துருவா’ என்று சாதாரணமாகச் சொல்கிறாள். மகள் அபினிப் பழக்கத்தை விட்டுவிட்டவள். அந்த ஒரே வாக்கியத்தில் சம்பந்தம் முடிந்தது. கதையின் கடைசியில் கிழவி தன் பச்சைக்கல் வளையலை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளுகிறாள். மெலிந்த கையில் அது தடையே இல்லாமல் அக்குள் வரைக்கும் போகிறது. விமர்சகர் சி. டி. ஷியா 1961-இல் எழுதிய நவீன சீனப் புனைவின் வரலாற்றில், சீன இலக்கியத்திலேயே மிகச் சிறந்த குறுநாவல் இதுதான் என்றார். நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஜப்பான்காரன் ஆட்சியில எழுதினாங்க, துரோகியைக் கட்டிக்கிட்டாங்க. அப்போ இவங்களும் துரோகிதானே?

புருஷன் விஷயம் உண்மை. ஹூ லான்செங், ஜப்பானின் கைப்பாவையாக இருந்த வாங் ஜிங்வெய் அரசில் பதவியில் இருந்தவர், நன்றாக எழுதுவார், ஏற்கெனவே கல்யாணமானவர். ‘அடைப்பு’ கதையைப் படித்துவிட்டுத் தேடி வந்தார். 1944-இல் இருவரும் கல்யாணப் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். சாட்சி, மேலே சொன்ன யான்யிங். பிறகு ஹூ வூஹானில் ஒரு தாதியோடும், போர் முடிந்து தலைமறைவாக இருந்த இடத்தில் இன்னொரு பெண்ணோடும் குடித்தனம் நடத்தினார்.

ஆனால் இவர் எழுதியதில் அந்த அரசுக்கு ஆதரவாக ஒன்றும் இல்லை. போருக்குப் பின் ஏச்சு கிளம்பியபோது, தன் கதைத் தொகுப்புக்கு 1946-இல் வந்த விரிவான பதிப்பின் முன்பக்கத்திலேயே பதில் எழுதினார்: தன் எழுத்தில் அரசியலே கிடையாது, உதவித்தொகை எதுவும் வாங்கியதில்லை, ஜப்பானியர் நடத்திய கிழக்காசிய எழுத்தாளர் மாநாட்டுக்கு அழைப்பு வந்தபோது வர இயலாது என்று கடிதம் எழுதினேன் என்று. ஆளைத் தேர்ந்தெடுத்ததில் தவறினார் என்று சொல்லலாம். நாட்டை விற்றார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்த இதழ்களில் எழுதியதே தவறு என்பவர்கள், ஆக்கிரமிப்பில் மாட்டிக்கொண்ட இருபத்திரண்டு வயதுப் பெண் வேறெப்படிப் பிழைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சினிமாவுக்கு எப்படி வந்தாங்க?

அந்த ஏச்சுதான் காரணங்களில் ஒன்று. கதை போட இதழ்கள் தயங்கின. ‘வீழ்ந்த நகரத்தில் காதல்’ கதையை 1944 கடைசியில் அவரே நாடகமாக்கி மேடையில் நன்றாக ஓடியிருந்தது. வசனம் எழுத வரும் என்று ஊருக்குத் தெரியும். புதிதாகத் தொடங்கிய வென்ஹுவா படக் கம்பெனிக்காக இயக்குநர் சாங் ஹூ வந்து கேட்டார். 1947-இல் இரண்டு படங்கள் வந்தன. முதலாவது ‘தீராக் காதல்’, அழுகைப் படம். இரண்டாவது ‘மனைவி வாழ்க’. இதுதான் விஷயம்.

‘மனைவி வாழ்க’ ஒரு நகைச்சுவை. நாயகி எல்லோரையும் சமாதானப்படுத்தப் பொய் சொல்லிக்கொண்டே இருப்பவள். வேலைக்காரி கிண்ணத்தை உடைத்தால் மாமியார் கண்ணில் படாமல் துண்டுகளை ஒளித்துவைப்பாள். தன் அப்பாவிடம் ஒரு பொய் சொல்லிப் புருஷனுக்குத் தொழில் முதல் வாங்கிக் கொடுப்பாள். பணம் வந்ததும் புருஷன் வைப்பாட்டி தேடிக்கொள்வான். அதிலிருந்தும் அவனைக் காப்பாற்றுவது இவள்தான். நம் ஊர்க் கூட்டுக் குடும்பத்துக்கும் அச்சாகப் பொருந்துகிற படம். ‘மாமியார் மெச்சிய மருமகள் இல்லை’ என்ற பழமொழியை ஒரு முழுப் படத்துக்கு இழுத்தது மாதிரி. நாடு பற்றி எரியும்போது இப்படி ஒரு படமா என்று இடதுசாரிகள் திட்டினார்கள். இன்றைக்குப் பார்க்க, அந்தக் காலத்துப் படங்களில் பழசாகாத சிலவற்றில் இது ஒன்று.

அதே 1947-இல் ஹூ லான்செங்குக்கு உறவை முறித்துக் கடிதம் போட்டார். கடிதத்தோடு 3,00,000 யுவான். இந்த இரண்டு திரைக்கதைக்கும் வந்த பணம் அது. பணவீக்கம் தலைவிரித்தாடிய காலம், அதனால் எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆனாலும் துரோகம் செய்த புருஷனுக்குத் தன் உழைப்பின் கூலியை அனுப்பிக் கணக்கை முடித்த விதம், அவர் கதாபாத்திரங்கள் யாருக்கும் வராத நிமிர்வு.

சீனாவை விட்டு ஏன் போனாங்க? கம்யூனிஸ்ட் எதிரியா?

1949-இல் கம்யூனிஸ்ட்கள் ஆட்சிக்கு வந்தபின் மூன்று வருடம் ஷாங்காயில்தான் இருந்தார். புனைபெயரில் ஒரு செய்தித்தாளில் ‘பதினெட்டு வசந்தங்கள்’ தொடர் எழுதினார். வாசகர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். 1950-இல் ஷாங்காய் எழுத்தாளர், கலைஞர் மாநாட்டுக்கு எல்லோரும் நீலமும் சாம்பலுமாக ஒரே மாதிரி உடுத்தி வர, இவர் மட்டும் சிபாவோ என்ற சீன அங்கியைப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிந்திருக்கும். 1952-இல் ஹாங்காங் போய்விட்டார்.

அங்கே அமெரிக்கத் தகவல் நிலையத்தில் வேலை. ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ நாவலைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். நிலச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பசியில் கிடக்கும் கிராமம் பற்றி ‘நாற்றுப் பாடல்’ நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். 1955-இல் ஸ்கிரிப்னர்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் வெளியிட்டது. ‘சிவந்த மண்’ என்ற இன்னொன்றும் வந்தது. பிரசாரம் என்ற முத்திரை இந்த இரண்டின் மேலும் உண்டு. ‘சிவந்த மண்’ணுக்கு அது ஓரளவு பொருந்தும். ‘நாற்றுப் பாடல்’ அப்படியல்ல, அதில் பசிதான் நாயகன்.

அமெரிக்காவுல குடியேறினவங்க எப்படி ஹாங்காங் படத்துக்கு எழுதினாங்க?

தபாலில். 1956-இல் நியூ ஹாம்ப்ஷயரின் மெக்டொவல் கலைஞர் குடியிருப்பில் ஃபெர்டினாண்ட் ரைஹரைச் சந்தித்தார். ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதியவர், ஜெர்மன் நாடகாசிரியர் ப்ரெக்ட்டின் நண்பர், வயது 65. இவருக்கு 36 கூட நிறையவில்லை. அந்த ஆகஸ்டிலேயே கல்யாணம். அதற்குப் பிறகு ரைஹரைப் பக்கவாதம் திரும்பத் திரும்பத் தாக்கியது. ‘தங்க விலங்கு’ கதையை விரித்து ஆங்கிலத்தில் எழுதிய நாவலைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள்; அது வேறு உருவில் லண்டனில் அச்சேற 1967 ஆயிற்று. வீட்டுச் செலவு இவர் தலையில்.

ஹாங்காங் நண்பர் ஸ்டீபன் சூங், எம்.பி. அண்ட் ஜி.ஐ. படக் கம்பெனியில் இருந்தார். சிங்கப்பூரின் லோக் வான் தோ நடத்திய கதே குழுமத்தின் கம்பெனி அது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குக் கதே தியேட்டர் தெரியாமல் இருக்காது. ‘காதல் ஒரு போர்க்களம்’ 1957-இல் வந்து வசூலை அள்ளியது. ‘ஜூன் மாத மணப்பெண்’, ‘சிறு பிள்ளைகள்’ எனத் தொடர்ந்து எழுதினார். 1962-இல் வந்த ‘வடக்கும் தெற்கும் ஒரே குடும்பம்’ படத்தில், வடசீனச் சாப்பாட்டுக் கடைக்காரரும் தென்சீனக் கன்டோனீஸ் கடைக்காரரும் ஜென்மப் பகை, பிள்ளைகளோ காதலிக்கிறார்கள். ‘தங்க விலங்கு’ எழுதிய கைதான் இதையும் எழுதியது என்பதைப் பலர் நம்புவதே இல்லை. 1964 ஜூனில் தைவானில் நடந்த விமான விபத்தில் லோக் வான் தோ இறந்தார். அதோடு அந்தக் கதவும் மூடியது.

‘செம்மாடக் கனவு’க்குத் திரைக்கதை எழுதி வீணாப் போச்சாமே?

ஆமாம், அந்தத் தொழிலில் பட்ட பெரிய அடி அது. ‘செம்மாடக் கனவு’ பதினெட்டாம் நூற்றாண்டின் மாபெரும் சீன நாவல். அவர் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாகப் படித்தது. உல்ல மீனில் முள் அதிகம், சில மலர்களுக்கு வாசனை இல்லை, ‘செம்மாடக் கனவு’ முடிவு பெறவில்லை, இந்த மூன்றும்தான் உலகத்தின் மேல் தனக்கு உள்ள குறை என்பார். 1961-இல் அதை இரண்டு பாகப் படமாக எழுத ஹாங்காங் வந்தார். மாதக்கணக்கில் எழுதினார், கண்ணில் ரத்தம் கட்டியது, கால் வீங்கியது என்றெல்லாம் ரைஹருக்கு எழுதிய கடிதங்களில் இருக்கிறது. அதற்குள் போட்டிக் கம்பெனியான ஷா பிரதர்ஸ் அதே கதையைப் படமாக்கக் கிளம்பிவிட்டது. இவர் எழுதியது எடுக்கப்படவே இல்லை. உழைப்பு வேறு வழியில் பலித்தது: அந்த நாவலின் பாட பேதங்களைத் துருவி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1977-இல் வந்தது.

‘லஸ்ட், காஷன்’ உண்மைக் கதையா? இல்ல அவங்க வாழ்க்கையா?

1939-இல் ஷாங்காயில் ஜெங் பிங்ரு என்ற பெண், வாங் ஜிங்வெய் தரப்பின் உளவுத் தலைவர் டிங் மோட்சுனைக் கடைக்கு அழைத்துப்போய்க் கொல்வதற்கு உதவினார். டிங் தப்பினார், ஜெங் கொல்லப்பட்டார். கதைக்கு இது மூலம் என்று பலரும் சொல்வார்கள். முக்கியமாக மாறுவது ஒரே இடம்தான், ஆனால் எல்லாமே அதுதான்: கதையில், இந்தியர் ஒருவரின் நகைக்கடையில், இளஞ்சிவப்பு வைர மோதிரம் விரலில் ஏறிய அந்தக் கணத்தில், நாயகி ‘சீக்கிரம் போயிடு’ என்று இரையைத் தப்பவிடுகிறாள். படத்தில் அந்தக் கடைக்காரராக வருபவர் நம் அனுபம் கேர். நகைக்கடை என்றதும் எனக்கு யான்யிங்கின் அப்பா கடை ஞாபகம் வருகிறது. இது என் ஊகம் மட்டுமே.

துரோகியைக் காதலித்த வகையில் சொந்த அனுபவத்தின் சாயல் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஐம்பதுகளில் எழுதத் தொடங்கி எழுபதுகளின் இறுதியில்தான் அச்சுக்குக் கொடுத்தார். அவ்வளவு காலம் அடித்துத் திருத்திய ஒன்றை வாக்குமூலமாகப் படிப்பது அநியாயம். 2007-இல் படம் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. படம் ரொம்பப் பேசுகிறது. கதை சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது, காதலா ஏமாளித்தனமா என்று தீர்ப்பே சொல்லாமல்.

கடைசிக் காலத்துல புத்தி பேதலிச்சுப் போச்சா?

1967-இல் ரைஹர் இறந்தபின் ராட்கிளிஃப், பெர்க்லி என்று கொஞ்ச காலம் ஆராய்ச்சி வேலை பார்த்தார். 1972 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ். 1984-லிருந்து நான்கு வருடம் போல, பூச்சிகள் கடிக்கின்றன, விரட்டுகின்றன என்று மோட்டல் மோட்டலாக மாறிக்கொண்டே இருந்தார். அது நோய்தான், மனநோயா, தோல் நோயா, இரண்டும் கலந்ததா என்று இங்கிருந்து தீர்ப்பு எழுத நான் மருத்துவன் இல்லை. ஆனால் அதே கையால் ஷாங்காய்ப் பக்கத்துப் பழைய வூ வட்டார வழக்கில் இருந்த ஒரு பெரிய நாவலைப் பொதுச் சீனத்துக்குக் கொண்டுவந்தார், 1994-இல் குடும்பப் படங்களோடு ஒரு புத்தகமும் வெளியிட்டார். புத்தி பேதலித்தவர் செய்கிற வேலையா இது?

ஆட்களைத் தவிர்த்ததற்கும் காரணம் இருந்தது. ஒரு பத்திரிகையாளர் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்து, இவர் வெளியே போட்ட குப்பையைக் கிளறிக் கட்டுரை எழுதினார். 1995 செப்டம்பர் 8 அன்று குடியிருப்பில் இறந்துகிடக்கக் கண்டார்கள். உயிலில் எழுதியபடி சடங்கு இல்லை. பிறந்தநாளான செப்டம்பர் 30 அன்று சாம்பலைப் பசிஃபிக் கடலில் தூவினார்கள்.

எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

ஆங்கிலத்தில் கேரன் கிங்ஸ்பரியின் மொழிபெயர்ப்புத் தொகுப்பு, அதில் முதலில் ‘அடைப்பு’. டிராம் நின்றுபோன கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கு நடுவே நடப்பது. கணக்கர் ஒருவர் மனைவி சொன்னாளென்று வாங்கிய கீரைப் பன்னைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருப்பார். தாளின் மை பன்னில் இடவலமாக ஒட்டியிருக்கும். அதை ரசித்துப் படித்தீர்களானால் மற்றதெல்லாம் தானாக வரும். படங்களில் ‘மனைவி வாழ்க’.

அழிக்கச் சொன்ன நாவலை அச்சுப் போட்டது தப்பில்லையா?

‘சிறு சங்கமம்’ நாவலைச் சொல்கிறீர்கள். எழுபதுகளின் நடுவில் எழுதியது; அம்மா, ஹூ லான்செங், எல்லோரும் அதில் வேறு பெயரில் வருகிறார்கள். அப்போது ஹூ உயிரோடு இருந்தார். இதை வைத்து அவர் விளம்பரம் தேடுவார் என்று ஸ்டீபன் சூங் தடுத்தார். 1992-இல் உயிலோடு எழுதிய கடிதத்தில் அழித்துவிடச் சொன்னார் ஐலீன். ஆனால் அடுத்த வருடமே பதிப்பாளருக்கு, அதை முடித்துத் தருவதாக எழுதினார். சொத்துரிமை சூங் தம்பதிக்குப் போய், அவர்கள் மகன் 2009-இல் வெளியிட்டார்.

ஒரு கடிதத்தை மட்டும் காட்டினால் தப்பு; இரண்டையும் வைத்துப் பார்த்தால் அவ்வளவு எளிதில் தப்பென்று சொல்ல வராது. எனக்கு வெளிவந்ததில்தான் திருப்தி. அதில் மகள் எழுதிச் சம்பாதித்த பணத்தில் தங்கம் வாங்கி, தன்னை வளர்க்க அம்மா செலவழித்ததற்கு ஈடாக நீட்டுகிறாள். அம்மா அழுகிறாள், வாங்க மறுக்கிறாள். மேலே சொன்ன கூச்சம் இங்கே கணக்குத் தீர்க்கப் பார்த்து, தீராமல் நிற்கிறது. அவர் எழுதியதிலேயே தாட்சண்யம் இல்லாத காட்சி இதுதான், தன் மேலும் சேர்த்து.